கிராமத்துக்கு ஒரு டாக்டரை அனுப்பினால் போதுமா?

வண்ணாரப்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "என் பெரியம்மாவுக்குப் பழவேற்காடு பக்கத்தில் ஒரு கிராமம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்காகப் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலேறிச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வருகிறார். வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று பலர் சொல்கிறார்கள். அங்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதே, பிறகு ஏன் இந்த அலைச்சல்? டாக்டர்கள் கிராமத்துக்குப் போக மறுப்பதுதானே காரணம்? ஐந்து வருடம் கட்டாயம் என்று சட்டம் போட்டால் தீராதா?"

பொன்னேரி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருந்தேன். அப்புறம் மேற்படிப்பு முடித்து வடசென்னையில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அனுப்பும் இடம், வந்து சேரும் இடம் இரண்டிலும் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெரியம்மா. அவர் மாத்திரைக்காக மட்டும் ஸ்டான்லி வர வேண்டியதில்லை. 1995இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்து வாங்கித் தருகிறது. ஸ்டான்லி கவுண்டரில் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மெட்ஃபார்மினும் ஒரே கொள்முதலில் வருபவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டால், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். ஸ்டான்லி சீட்டை எடுத்துக்கொண்டு ஊர் நர்சம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கண், சிறுநீரகம், கால் நரம்பு இவற்றைப் பார்க்க மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் பலர் ரயிலேறுகிறார்கள், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஊரில் போன மாதம் பார்த்த டாக்டர் இந்த மாதம் இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் லேப் டெக்னீஷியன் வேறு நிலையத்துக்கு டெபுடேஷனில் போயிருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருபவர் சாயங்காலம் போனால் ஓ.பி. முடிந்திருக்கிறது. இரண்டு முறை இப்படித் திரும்பி வந்தவர் மூன்றாம் முறை அங்கே போக மாட்டார். பெட்டிக்கடை மாதிரி ஒரு அறையில் ஊசி போடும் போலி டாக்டரிடம் போவார், இல்லையென்றால் ஸ்டான்லிக்கு வருவார். ஸ்டான்லிக்கு வருவது எவ்வளவோ மேல்.

டாக்டர்கள் போக மறுக்கிறார்கள் என்பது பாதி உண்மை. மறு பாதியைச் சொல்ல ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை. வயலில் தண்ணீர் திருப்பப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். நான் குவார்ட்டர்ஸிலிருந்து ஓடி வருவதற்குள் அவர் நோயாளியைப் படுக்க வைத்து, காலை அசையாமல் கட்டையோடு கட்டி, ஊர்க்காரர்கள் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே நாடித்துடிப்பையும் பார்த்து வைத்திருந்தார். "சார், கால் வீங்கிட்டே போகுது, ஈறுல ரத்தம் வருது, டியூப்ல எடுத்து வெச்சிட்டேன்" என்றார். அந்த டியூப்தான் விஷயம். சுத்தமான, உலர்ந்த, சோப்புப் படாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ரத்தம் குழாயோடு ஒட்டி நிற்கும். தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலோ முடிவு தப்பாக வரும். இது எந்தப் பெரிய மெஷினும் தேவைப்படாத பரிசோதனை. ஆனால் அந்தக் குழாய் அலமாரியில் இருக்க வேண்டும், எப்படி வைப்பது என்று தெரிந்த ஆள் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும்.

சாய்த்துப் பார்த்தோம், ஓடியது. நஞ்சுமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்ற வேண்டும். அந்த மருந்துக்கே சிலருக்கு ஒவ்வாமை வந்து, சில நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சுக்குழல் இறுகிவிடும். அதனால் அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். ஒருவர் மருந்தின் வேகத்தைப் பார்க்க வேண்டும், ஒருவர் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒருவர் 108க்குப் பேச வேண்டும், வெளியே கத்திக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களிடமும் ஒருவர் பேச வேண்டும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர், கூட மருத்துவமனைப் பணியாளர் ஒரு அம்மா. மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். அவர் பிழைத்தார்.

அந்த நர்ஸ் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால்? வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன டாக்டர் தனியாக இருந்திருந்தால்? "ரெஃபர்" என்று சீட்டு எழுதியிருப்பார். அவரைக் கோழை என்று திட்ட எனக்கு மனம் வராது. மருந்து கொடுத்து நோயாளி அங்கேயே போய்விட்டால் சட்டையைப் பிடிப்பார்கள், கொடுக்காமல் அனுப்பி வழியில் போய்விட்டால் விதி என்பார்கள். தனியாக நிற்கும் எவரும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். நரம்பைத் தாக்கும் நஞ்சுள்ள கட்டுவிரியன் கடி என்றால் நிலைமை இன்னும் மோசம். மூச்சுத் தசைகள் செயலிழக்கும், வென்டிலேட்டர் வேண்டும், அதனால் முதல் மருந்தைக் கொடுத்துவிட்டு எப்படியும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தக் குப்பிக்குள் இருக்கும் மருந்து தொடங்குவது நம் பக்கத்திலேயேதான். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சை மருந்து நிறுவனங்கள் குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து முறிவு மருந்தைப் பிரித்தெடுக்கின்றன. உயிரைக் காக்கும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பயமில்லாமல் ஏற்றும் கைகள்தான் குறைவு.

கட்டாயச் சட்டம் பேசுபவர்கள் இந்த ஆள் கணக்கைப் பார்ப்பதில்லை. விதிப்படி சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கட்டடங்கள் இருக்கின்றன. ஒரு சிசேரியன் செய்ய என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், தியேட்டர் நர்ஸ், அப்புறம் ரத்தம். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. 24 மணி நேரமும் இது நடக்க வேண்டுமென்றால், வார விடுப்பு, லீவு எல்லாம் சேர்த்து ஒவ்வொரு துறைக்கும் நாலைந்து பேராவது வேண்டும். ஒன்றிய அரசின் 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரப்படி, நாடு முழுவதும் கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இல்லை.

தமிழ்நாடு இதை ஓரளவு சமாளித்தது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாக் கிராமத்திலும் எல்லாம் என்று பரப்பாமல், குறிப்பிட்ட மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை தரும் சீமாங்க் மையங்களாக்கி, மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை டாக்டர்களை அங்கே ஒன்றாக வைத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் இல்லாத இடங்களுக்கு எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். தனியார் டாக்டரை ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று அழைக்கவும் அனுமதித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்சுகளைப் போட்டு இரவும் பகலும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்கே மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்துக்கு மேல். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் மரணம் நாட்டளவில் 97, தமிழ்நாட்டில் 54. கடற்கரைக் குப்பத்துப் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போனது முதல் குழந்தைக்குக் கடைசித் தடுப்பூசி வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பின்தொடர்ந்த கிராம சுகாதார செவிலியர் இல்லாமல் இந்த எண் இறங்கியிருக்காது. டாக்டர் மாறிக்கொண்டே இருந்த எங்கள் நிலையத்தில் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே நிலையான முகம் அவருடையதுதான்.

அப்படிப்பட்டவர்களை நாம் நடத்திய விதம்தான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்குத் தொகுப்பூதியம் மாதம் ரூ.7,700. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. ஊதியம் பிறகு உயர்ந்தது, ஒரு பகுதியினர் நிரந்தரமானார்கள், மிச்சமிருந்தவர்கள் காத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31ஓடு வேலை முடிந்தது. பாம்புக்கடிக்கு இரவில் டியூபைச் சரியாக வைக்கும் கை பல வருட அனுபவத்தில் வருவது. அந்தக் கைக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் வைத்திருந்தால், நகரத்துத் தனியார் மருத்துவமனையோ வளைகுடா நாடோ கூட்டிக்கொண்டு போய்விடும்.

டாக்டர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்துக்குப் போவதில் பணத்தை விடப் பெரிய கவலை, மேலே படிக்க முடியாமல் அங்கேயே நின்றுவிடுவோமோ என்பது. தமிழ்நாடு இதற்கு நல்ல வழி வைத்திருந்தது. முதுநிலைப் பட்டப்படிப்பில் மாநில இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. இரண்டு மூன்று வருடம் கிராமத்தில் வேலை பார்த்தால் ஸ்டான்லியிலோ சென்னை மருத்துவக் கல்லூரியிலோ (எம்.எம்.சி.) எம்.டி. படிக்கலாம், முடித்ததும் அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும். நானும் அந்த வழியில் வந்தவன்தான். 2017இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைக் காட்டி இந்த ஒதுக்கீடு நின்றுபோனது. தொலைதூர, கடினப் பகுதிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வருடத்துக்குப் பத்து சதவீதம் வீதம் முப்பது வரை ஊக்க மதிப்பெண் என்று மாறியது. எது கடினப் பகுதி என்பதிலேயே வழக்குகள் வந்தன. 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மாநிலங்கள் இப்படி ஒதுக்கீடு தரலாம் என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட வருடங்களில் என்னோடு வேலை பார்த்த இளைய டாக்டர்கள் சிலர், வேலையை விட்டுவிட்டு முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்கு கோச்சிங் போனார்கள். கிராமத்தில் இருந்துகொண்டு இரவு பிரசவமும் பார்த்துப் பகலில் அந்தத் தேர்வின் கொள்குறிக் கேள்விகளைப் படிக்க முடியாது என்றார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. சம்பள உயர்வுக் காலவரிசை பற்றிய அரசாணை 354ஐ நடைமுறைப்படுத்தச் சொல்லி 2019இல் அரசு டாக்டர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குவார்ட்டர்ஸைப் பற்றி ஒரு வரி. ஒழுகாத கூரை, தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, தண்ணீர் வரும் குழாய் இவை இல்லாத வீட்டில் ஒரு பெண் டாக்டரைத் தனியாகத் தங்கச் சொல்வது அநியாயம். இன்றைக்கு எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களில் பெண்கள் ஏராளம்.

இனி உங்கள் கட்டாயச் சட்டம். கிராமத்துக்கு டாக்டரை எப்படியாவது கொண்டுசேர்க்கும் யோசனை புதியதில்லை, நம் இராயபுரத்திலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. மணியக்காரர் சத்திரத்து வைத்தியசாலையிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி, அந்தப் பெயர் பெறுவதற்கு முன் இராயபுரம் மருத்துவப் பள்ளியாக எல்.எம்.பி. டாக்டர்களை உருவாக்கியது. எம்.பி.பி.எஸ்.ஸை விடக் குறுகிய படிப்பு. 1920களில் சென்னை மாகாண அரசு, தகுதி பெற்ற டாக்டர்களுக்கு வருட மானியம் கொடுத்துக் கிராமங்களில் குடியமர்த்திப் பார்த்தது. 1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த சர் ஜோசப் போர் (Bhore) குழு அறிக்கை கொடுத்தபோது நாட்டிலிருந்த டாக்டர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குறும்படிப்புக்காரர்கள். ஒரே தரத்தில் டாக்டர் வேண்டும் என்று குழு இந்தப் படிப்பை நிறுத்தச் சொன்னது, அந்தக் குழுவிலேயே சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு 2001இல் சத்தீஸ்கர் மூன்றாண்டுப் படிப்பைக் கொண்டுவந்தது, 2005இல் அசாமும் அப்படியொன்றைத் தொடங்கியது. ஏழைகளுக்கு அரைகுறை டாக்டரா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் கருத்தில், குட்டி டாக்டர்களை உருவாக்குவதை விட, இருக்கும் நர்சுகளுக்குக் கூடுதல் பயிற்சியும் அதிகாரமும் நிரந்தர வேலையும் கொடுப்பது நல்லது. துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரச் செவிலியரைப் போட்டதை அதனால்தான் வரவேற்கிறேன்.

கட்டாயமாக வரும் டாக்டர் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார், எண்ணிக்கை முடிந்ததும் போவார். காய்ச்சல், காயத்துக்கு அது போதும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காசநோய்க்கும் போதாது, நோயாளி ஒருவர் முகத்தை நம்பித்தான் ஆறு மாதம், ஆறு வருடம் மாத்திரை சாப்பிடுகிறார். தாய்லாந்து 1972 முதலே கட்டாயக் கிராமப் பணி வைத்திருக்கிறது. அது மட்டும் போதவில்லை என்றுதான் 1994இல், கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்பும் திட்டத்தையும் சேர்த்தார்கள். நம்மிடம் 2020இல் வந்த மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருப்பது இதனால்தான். மீனவக் குப்பத்திலும் வயல்காட்டு ஊரிலும் பிறந்த பிள்ளைகள் இப்போது ஸ்டெதஸ்கோப்போடு வார்டில் நிற்கிறார்கள். ஊர்ப் பக்கம் போவது அவர்களுக்குத் தண்டனை இல்லை. 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று, ஆக அந்த மாவட்டப் பிள்ளை அந்த மாவட்டத்திலேயே படிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் புதுக் கல்லூரிக்குப் பேராசிரியர் வேண்டுமென்று தாலுகா மருத்துவமனை டாக்டர்களை இழுத்துக்கொண்டால், ஒரு குழியைத் தோண்டி இன்னொன்றை மூடுவதாக ஆகிவிடும். இதை அரசு கவனமாகப் பார்க்க வேண்டும்.

வடசென்னைக்காரராக நீங்கள் கோபப்படுவதும் எனக்குப் புரிகிறது. காசிமேட்டில் வலை இழுக்கும்போது கை கிழிந்தவரும், கொருக்குப்பேட்டையில் நெஞ்சு வலி வந்தவரும், ஊரிலேயே முடிந்திருக்க வேண்டிய நூறு ஓ.பி. சீட்டுகளுக்கு நடுவே காத்திருக்கிறார்கள். கிராமத்தில் ஒரு நர்ஸ் இடம் காலியாக இருந்தால் அதன் வலி ஸ்டான்லி இருக்கும் பழைய ஜெயில் ரோடு வரை வந்து சேர்கிறது.

உங்கள் பெரியம்மா ஊருக்குப் போகும்போது கிராம சபைக்கும் போய் வாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் நடக்கிறது. டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டால் இருக்கிறார் என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்: இரவு டியூட்டிக்கு எத்தனை ஸ்டாஃப் நர்ஸ்? லேப் டெக்னீஷியன் வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருக்கிறார்? நஞ்சுமுறிவு மருந்தும் அட்ரினலினும் இன்றைக்கு எத்தனை குப்பி இருப்பில் உள்ளன? குவார்ட்டர்ஸில் யாராவது தங்க முடிகிறதா? சாயங்கால ஓ.பி. வைக்க முடியுமா? பதில்களைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அனுப்ப வையுங்கள். காலியிடப் பட்டியல் அவர்கள் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. ஊர்த் தீர்மானம் கூடவே போனால், அந்த இடத்தை நிரப்பச் சொல்லி மேலே வற்புறுத்த அவர்களுக்கும் கையில் ஒரு தாள் இருக்கும்.